தலையாட்டினாள் என்றார்கள்

அந்தக் கிளினிக்கில் யாரையும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். விருந்தினர் என்றுதான் சொல்வார்கள். ஆபரேஷன் என்ற சொல்லும் அங்கே கிடையாது, அதற்கு ஷேப்பிங் என்று பெயர். ஊசி போட்டால் அது ‘ஒரு சின்ன டச்’. டாக்டரைக்கூட நிபுணர் என்றார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு, குழாயை விட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறவனுக்கு எந்தப் பெயரை வைத்தால் என்ன, செய்கிற வேலை அதுதானே என்று பிரேக் அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்தே எரிச்சல்தான்.

பிரேக் அக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நாளெல்லாம் மிதித்துப் பழகியதால், பஸ்ஸில் போனாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “ஏய், மெதுவா!” என்று அவள் ஒரு அதட்டல் போட்டால் சம்பந்தமே இல்லாத வண்டிகள்கூட நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவள் அன்று காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும் ஒரு மெத்தை நாற்காலியில் கிடந்தாள் என்றால், அது தங்கைக்காக.

தங்கை உள்ளே இருந்தாள்.

தங்கைக்கு டைல்ஸ் ஷோரூமில் வேலை. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி, குளியலறைக்கு எது, சமையலறைக்கு எது என்று எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு வயிறு இறங்கவே இல்லை. நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இந்த நேரம் பார்த்து ஷோரூமில் உடம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு யூனிபாரம் கொடுத்தார்கள். வீட்டிலோ புருஷன் அவளை ‘மூட்டை’ என்று கூப்பிடுவான். மூட்டை, என் சட்டை எங்கே? மூட்டை, சாவியப் பாத்தியா? வந்தவர்கள் போனவர்கள் முன்னாலும் அதே பெயர்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்படிச் சிரித்தவள் ஒருநாள் அக்காவின் டிரைவிங் ஸ்கூல் காரில் பின்னால் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

“உன் புருஷனுக்கு வாயில வேற வார்த்தையே வராதா? நான் வந்து நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கட்டுமா?” என்றாள் அக்கா.

“வேண்டாங்க்கா. அவர் ஆசையாத்தான் சொல்றார்.”

“ஆசையாச் சொன்னா மூட்டை முத்தாயிடுமா?”

அழுகைக்கு நடுவே தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். “நான் முடிவு பண்ணிட்டேங்க்கா. அவருக்காக இல்ல, எனக்காக. கண்ணாடியப் பாத்தா எனக்கே பிடிக்கல. காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாமாம். பல்லு புடுங்கிக்கற மாதிரிதானாம்.”

“யார் சொன்னா?”

“அவங்கதான்.”

“விக்கிறவன் வேற எப்படிடி சொல்லுவான்?”

அக்கா முட்டி மோதிப் பார்த்தாள். செய்யத்தான் வேண்டும் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள் என்று கெஞ்சினாள். அங்கே போனால் தங்க வேண்டும், தங்கினால் புருஷனுக்குத் தெரியும், தெரிந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்து ஊரெல்லாம் சிரிப்பான் என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். “கூட யாராவது ஒருத்தர் வரணுமாங்க்கா. நீ வராட்டி நான் யாரக் கூப்பிடறது?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அக்காவால் மறுக்க முடியவில்லை.

ஆக, இதோ இங்கே. கீழே செருப்புக் கடை, மேலே கிளினிக். ஏறி வந்த லிஃப்டில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே வந்தால் கண்ணைப் பறிக்கிற வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூ, மூலையில் மின்சாரத்தில் ஓடுகிற ஒரு குட்டி அருவி. மருந்து வாசனை என்பதே இல்லை. வரவேற்க ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகுதான் பதில். அக்கா மனசுக்குள் அவளுக்குச் சிரிப்பு என்றே பெயர் வைத்துவிட்டாள். வாசலில் வணக்கம் சொன்னதும் சிரிப்புதான், தங்கைக்கு மேலங்கி கொடுத்து உள்ளே கூட்டிப்போனதும் சிரிப்புதான், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனதும் அதே சிரிப்புதான். இன்னொரு ஆள் கண்ணிலேயே படவில்லை.

பாதியில் கதவு திறந்தது. சிரிப்பு வெளியே வந்தாள்.

“மேடம், ஒரு நல்ல சேதி. உங்க தங்கச்சிக்குக் கையும் சேத்துப் பண்ணிடறோம். மேல் கை, ரெண்டு பக்கமும். கொஞ்ச நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.”

“கையா? கையப் பத்தி அவ பேசவே இல்லையே?”

“நிபுணர் உள்ள கேட்டார் மேடம். வயித்த மட்டும் பண்ணினா கை தனியா பெருசாத் தெரியும்னு சொன்னார். அவங்களும் சரின்னுட்டாங்க.”

“மயக்கத்துல கெடக்கறவ எப்படிம்மா சரின்னு சொன்னா?”

“முழு மயக்கம் இல்ல மேடம், அரைத் தூக்கம்தான். தலையாட்டினாங்க.”

தலையாட்டினாள்! அக்காவுக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம் அது. அவள் காரில் ஏறுகிற எவரும் தலையாட்டக் கூடாது. ‘கியர் மாத்தணும், புரிஞ்சுதா?’ என்று கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். ரோட்டைப் பார்ப்பாளா, பக்கத்தில் ஆடுகிற தலையைப் பார்ப்பாளா? அதுவுமில்லாமல் தலையாட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே புரிந்திருக்காது என்பது அவள் அனுபவம்.

“நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்” என்று எழுந்தாள்.

“ஷேப்பிங் நடக்கறப்போ யாரும் உள்ள போகக் கூடாது மேடம். அவங்க பாதுகாப்புக்குத்தான்.”

பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் அக்கா மடங்கிப்போனாள். நாம் உள்ளே போய் ஏதாவது கிருமி தொற்றிவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூலையில் அருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று இருந்தது அவளுக்கு.

மறுபடி கதவு திறந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பைக் காணோம். கையுறையைக் கழற்றாமலே மேஜைக்கு ஓடிப் போனை எடுத்தாள். எடுத்ததும் குரல் மட்டும் பழையபடி தேனாக ஒழுகியது. அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

“வணக்கங்க. எங்க அழகு நிலையத்துல விருந்தினர் ஒருத்தருக்குக் கொஞ்சம் அசௌகரியமா இருக்கு. ஒரு வண்டி அனுப்ப முடியுமா? ஆமாங்க, மயக்கம் மாதிரிதான்... படுத்துட்டுதான் இருக்காங்க... சரிங்க, பரவால்லங்க... சைரன் போடாம பின்பக்கமா வந்தீங்கன்னா உதவியா இருக்கும். முன்னால கடை இருக்கு. நன்றிங்க.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். காலையிலிருந்து இந்த இடத்துக்கு வேறு ஒரு ஈ காக்கை வரவில்லை.

“ஏம்மா, எந்த விருந்தினர்?”

“மேடம், நீங்க பதட்டப்படாதீங்க...”

“உள்ள இருக்கறது என் தங்கச்சி மட்டும்தானே? அவளுக்கு என்ன?”

“வண்டி வரும் மேடம். இப்போ வேற அவசரமெல்லாம் நிறைய இருக்காம், கொஞ்சம் நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் காத்தாட உக்கார வெச்சுத் தண்ணி குடுக்கச் சொன்னாங்க.”

தண்ணி குடுக்கச் சொன்னார்களாம்! பின்னே, போனில் கேட்டவன் என்ன செய்வான்? அழகு நிலையத்துக்கு வந்த விருந்தாளிக்கு மயக்கம் என்றால், முடி வெட்டிக்கொள்ள வந்த யாரோ ஒருத்தி காலையில் சாப்பிடாமல் வந்து கிறுகிறுத்து விழுந்துவிட்டாள் என்றுதான் எவனும் நினைப்பான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வாயில் தேனைத் தடவி ஒரு உயிர் போகிற விஷயத்தைப் பூசி மெழுகப் பார்த்தார்கள், பாவிகள்.

அக்கா ஒரே எட்டில் போய்ப் போனைப் பிடுங்கினாள். அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.

“ஹலோ, இப்போ பேசினாங்களே, அது அழகு நிலையமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இங்க ஆபரேஷன் பண்றாங்க. என் தங்கச்சிக்கு மருந்து குடுத்து வயித்துல ஓட்டை போட்டிருக்காங்க.” போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “அவளுக்கு மூச்சு இருக்கா? வாயத் தெறந்து சொல்லுடி!”

“சரியா வரல மேடம். வலிப்பு வந்துச்சு. ரெண்டு தடவ.”

“வலிப்பு வந்திருக்காம்! மூச்சு சரியா வரலையாம்!”

எதிர்ப்பக்கம் பேசியவனின் குரலே மாறிவிட்டது. எந்த மாடி, லிஃப்ட் இருக்கிறதா, ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று சரசரவென்று கேட்டான். வண்டி கிளம்பிவிட்டது என்றான். “பேஷன்ட்னு முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?” என்று ஆற்றமாட்டாமல் கத்தினான். அக்கா போனை மேஜையில் போட்டுவிட்டுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

உள்ளே இதமாக ஏதோ வாத்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நிபுணர் என்கிற அந்த ஆள் அவள் தலைமாட்டில் நின்று, முகத்தில் எதையோ வைத்து அமுக்குவதும் எடுப்பதுமாகத் தலைகால் புரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மெஷின். அதன் திரையில் சிவப்பு எழுத்து அணைந்து அணைந்து எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“இது ஏன் கத்தல?” என்றாள் அக்கா. அந்த மாதிரி மெஷின் கத்தும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

பின்னாலேயே வந்த பெண் அழுதுகொண்டே சொன்னாள். “வெளிய இருக்கறவங்க பயந்துக்குவாங்கன்னு சத்தத்த அணைச்சு வெச்சிருக்கோம் மேடம்.”

“ஆக்ஸிஜன் எங்க? அத எடு!” என்று அந்த ஆள் அவளைப் பார்த்து அலறினான். பிறகு அக்காவைக் கண்டதும், “நீங்க இங்க வரக் கூடாது. இது சுத்தமான ரூம்” என்றான்.

“உன் சுத்தத்துல இடி விழ! முதல்ல அவளுக்கு மூச்சக் குடுடா!”

ஆக்ஸிஜன் இருந்தது. மூலையிலேயே இருந்தது. ஆனால் அது ஆக்ஸிஜன் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாதே! ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடுமே! அதனால் அந்த சிலிண்டருக்கு வழவழவென்று ரோஸ் நிறத் துணியில் மேலிருந்து கீழ்வரை உறை தைத்துப் போட்டு, கழுத்தில் நாடாவால் பூ மாதிரி முடிச்சும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க அந்தப் பெண்ணின் வழுக்குகிற கையுறை விரலால் முடியவில்லை. ஆக்ஸிஜனுக்குப் பாவாடை கட்டி அழகு பார்த்த இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? அக்கா குனிந்து நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள். துணி கிழிந்தது.

வண்டி சைரனோடு முன்வாசலுக்கே வந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் தங்கையை விரிப்புத் துணியோடு சேர்த்து நாலு முனையிலும் பிடித்துத் தூக்கிப் படியில் இறக்கினார்கள். ஒரு முனை அக்காவின் கையில். செருப்புக் கடையில் ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் பழைய செருப்புமாக ஒரு பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். “நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வரேன்” என்றான் நிபுணர். வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரம்மா தங்கையின் கண்ணைத் திறந்து பார்த்தாள், நெஞ்சில் வயர்களை ஒட்டினாள், தொண்டைக்குள் குழாயை இறக்கினாள். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் அக்காவைக் கேட்டது. “என்ன மருந்து குடுத்தாங்க? எவ்வளவு குடுத்தாங்க?”

“தெரியாதே டாக்டரம்மா.”

“அந்த டாக்டர் கூட வரலையா?”

“வரேன்னு சொன்னான். வரல.”

டாக்டரம்மா பல்லைக் கடித்த சத்தம் அக்காவுக்கே கேட்டது. “மரத்துப்போற மருந்து அதிகமாயிருந்தா அது இதயத்த அடிக்கும். அதுக்கு மாத்து மருந்து இருக்கு. ஆனா ரத்தம் போனதாலயா, கொழுப்பு ரத்தத்துல கலந்ததாலயா, மருந்தாலயான்னு எனக்குத் தெரியணும். போன் போட்டுக் கேளுங்க. ஓடுங்க.”

அக்கா போனை எடுத்தாள். அந்தப் பெண்தான் பேசினாள். நிபுணர் கிளம்பிவிட்டாராம். எங்கே என்று தெரியாதாம். அவர் போனை எடுக்கவில்லையாம்.

“சரி, நீ சொல்லு. அவளுக்கு என்ன மருந்து, எவ்வளவு போட்டீங்க?”

“மேடம்... விருந்தினர் விவரத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு...”

“விருந்தினரா? விருந்துக்காடி வந்தா அவ? எல போட்டு உக்கார வெச்சீங்களா? உங்கள நம்பிப் படுத்தவளக் குத்துயிரும் குலையுயிருமா எங்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு, இப்போ ரகசியம் பேசறியா? உன் வாயில...” அக்காவின் குரலில் அந்தத் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. கத்தியே பழகியவள், கெஞ்சத் தெரியாமல் கெஞ்சினாள். “அம்மா, தாயே, உன் கால்ல வேணா வந்து விழறேன். அவளுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க. நீ சொன்னாதான் இவங்க மருந்து குடுக்க முடியும். யாருக்கும் சொல்ல வேண்டாம், இந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் சொல்லு.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நான்தான் மேடம் கலந்தேன்.”

“என்னது?”

“மரத்துப்போற மருந்த உப்புத் தண்ணியில நான்தான் கலந்தேன். இங்க இருந்த நர்ஸ் வேலைய விட்டுட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அவர் சொல்லுவார், நான் கலப்பேன். வயித்துக்குக் கலந்தேன். அப்புறம் கைக்கும் வேணும், அதே அளவு இன்னொரு தடவ கலந்து எடுத்துட்டு வான்னார். எடுத்துட்டுப் போனேன்.”

அக்கா போனை டாக்டரம்மாவின் காதில் வைத்தாள். டாக்டரம்மா மருந்தின் பெயரைக் கேட்டாள், எத்தனை பாட்டில் என்று கேட்டாள், “அதுக்கு மேல அதே அளவா?” என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு நர்ஸைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். பால் போல வெள்ளையாக அந்த மாற்று மருந்து வந்தது. அது தங்கையின் கை நரம்பு வழியாக உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

இதயம் ஒரு வழிக்கு வந்தது. ஆனால் தங்கை கண்ணைத் திறக்கவில்லை. தொண்டைக் குழாயோடு ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மூளைக்கு எவ்வளவு நேரம் காற்றுப் போகாமல் இருந்தது என்பது தெரியவில்லை, எழுந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா. எழுந்திருப்பாளா என்று அக்கா கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

தங்கை புருஷன் அலறியடித்துக்கொண்டு வந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “இவ எதுக்கு இந்த வேலையப் பண்ணினா? நான் எப்பவாவது ஒரு குறை சொல்லியிருக்கேனா?”

“மூட்டை மூட்டைன்னு கூப்பிட்டீங்களே மாப்பிள்ளை, அது என்ன, பாராட்டுப் பத்திரமா?”

“அது... சும்மா வெளையாட்டுக்கு...”

“வெளையாட்டு முடிஞ்சுது. உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்ததால் மறுநாள் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள். ஆள் பார்ப்பதற்கு நிதானமாக இருந்தாள். நிபுணர் வக்கீலோடு வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டானாம். தான் வயிற்றுக்கு மட்டும்தான் திட்டம் போட்டிருந்ததாகவும், நடுவில் அந்தம்மாவே கையையும் செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததாகவும், வெளியே இருந்த அக்காவுக்கும் சொல்லி அவரும் மறுப்புச் சொல்லவில்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தான். கூடுதலாகப் போட்ட மருந்தெல்லாம் அவள் கேட்டதால் போட்டதாம். ஆக, பழியெல்லாம் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறவள் தலையில்.

“பொய்! பச்சைப் பொய்! அவ கையப் பத்திக் கனவுலகூட நெனச்சதில்ல” என்று அக்கா எகிறினாள்.

“அந்தப் பொண்ணையும் கேட்டோம்மா. மருந்து கலந்தத மறைக்காம ஒத்துக்கிட்டா. ஆனா தலையாட்டினத அவ பாக்கல. முதுகக் காட்டிட்டு நின்னாளாம். ‘தலையாட்டிட்டாங்க, போய் வெளிய சொல்லு’ன்னு அவர் சொன்னாராம், வந்து சொன்னாளாம். அந்த ரூம்ல வேற ஆள் இல்ல. உங்க தங்கச்சி எழுந்து சொன்னாதான் உண்டு.”

அவன் எதை நம்பி அப்படி எழுதிக் கொடுத்தான் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் எழுந்திருக்கமாட்டாள் என்று நம்பித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அக்கா தங்கையைத் திட்டவே ஆரம்பித்துவிட்டாள். எழுந்திருடி கழுதை. எழுந்து தொலைடி. எவனோ ஒருத்தன் உன்மேல பழியப் போட்டுட்டு ஏசி ரூம்ல உக்காந்திருக்கான், உனக்கென்னடி தூக்கம் வேண்டிக்கிடக்கு? திட்டத் திட்டக் கண்ணீர் வழிந்து கழுத்து நனைந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

தங்கை கண்ணைத் திறந்த அன்று டாக்டரம்மாவே வெளியே வந்து கூப்பிட்டாள். “முழிச்சிருக்காங்க. கேட்டா புரியுது, கை காலை அசைக்கறாங்க. தொண்டைக் குழாய இன்னும் எடுக்கல, அதனால பேச முடியாது. அழ வெக்காதீங்க.” இன்ஸ்பெக்டரும் அப்போது அங்கேதான் இருந்தாள். ஒரு நிமிஷம் வரலாமா என்று கேட்டுக்கொண்டு அவளும் வந்தாள். டாக்டரம்மாவும் கூடவே வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஊரையே அதட்டுகிற அக்காவுக்கு அன்று குரல் எழும்பவில்லை. “குட்டி, நான்தான்டி” என்றாள். தங்கையின் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அடையாளம் தெரிந்துகொண்டது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“புள்ளைங்க நல்லா இருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ஒண்ணும் யோசிக்காத.”

இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள். “ஒரே ஒரு கேள்விம்மா. முடிஞ்சா பதில் சொல்லுங்க. ஆபரேஷன் நடுவுல கையையும் பண்ணலாமான்னு உங்களக் கேட்டாங்களா?”

தங்கை யோசித்தாள். முகவாய் கொஞ்சமாகக் கீழே இறங்கி, மேலே ஏறியது. ஆமாம்.

“பண்ணுங்கன்னு சொன்னீங்களா?”

தங்கையின் தலை தலையணையில் ஒரு பக்கம் உருண்டது. பிறகு மறு பக்கம் உருண்டது. குழாய் இழுத்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “அங்கயும் இப்படித்தான் ஆட்டினியாடி?”

தங்கை அவளையே பார்த்தாள். முகவாய் கீழே இறங்கி மேலே ஏறியது.

“தலையாட்டினான்னு சொன்னான்மா” என்றாள் அக்கா இன்ஸ்பெக்டரிடம். “பொய் சொல்லல பாருங்க. ஆட்டியிருக்கா. வேண்டாம் வேண்டாம்னு ஆட்டியிருக்கா. பக்கத்துல நின்னு அதப் பாத்துட்டேதான் கையில ஊசிய ஏத்தியிருக்கான்.”

“நான் பாத்துட்டேன்மா” என்றாள் இன்ஸ்பெக்டர். “டாக்டரம்மாவும் பாத்துட்டாங்க. இதுக்கு நாங்க ரெண்டு பேர் சாட்சி.”

அவர்கள் பேசியது எதுவும் தங்கையின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் மறுபடி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டத் தொடங்கியிருந்தாள். அந்தக் கிளினிக் அறைக்கே திரும்பிப் போய்விட்டவள் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள். தலைமாட்டு மெஷின் கத்தியது. அக்கா இரண்டு கையாலும் அவள் முகத்தை ஏந்திக்கொண்டு, “தெரியும்டி, எனக்குத் தெரியும், போதும்டி” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தாள். “கொஞ்சம் தூங்கறதுக்கு மருந்து போட்டுடலாமாம்மா? ரொம்பப் பதறறாங்க” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

“என்னக் கேக்காதம்மா” என்றாள் அக்கா. “அவளக் கேளு. அவ பதில் சொல்ற வரைக்கும் நில்லு.”